மேல்கிளையில் உண்ணி கிடையாது

காட்டாற்றங்கரையில் ஒரு பெரிய மருத மரம். அதில் நாற்பது குரங்குகள் குடியிருந்தன. மரம் என்னவோ ஒன்றுதான், ஆனால் அதற்குள் மூன்று ஊர். உச்சியில் இருந்தவை மேல்கிளைக் குரங்குகள். நடுவில் இருந்தவை நடுக்கிளை. தரையிலிருந்து சிறுத்தை ஒரே தாவில் எட்டிப்பிடிக்கிற உயரத்தில் இருந்தவை அடிக்கிளை. மேல்கிளை சிறுத்தையின் எடையைத் தாங்காது, அதனால் அங்கே சிறுத்தை ஏறாது. மேல்கிளைக்காரர்களின் பெருமைக்கெல்லாம் காரணம் இவ்வளவுதான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தினமும் வெயில் ஏறும்போது ஒன்றின் முடியை ஒன்று விலக்கி உடம்பு பார்க்கும். பார்த்து முடித்ததும், பார்த்த குரங்கு எல்லாருக்கும் கேட்கும்படி "சுத்தம்" என்று சொல்ல வேண்டும். பேன் இருந்தாலும் சுத்தம்தான், புண் இருந்தாலும் சுத்தம்தான். உண்ணி அகப்பட்டாலோ, சத்தமில்லாமல் வெடுக்கென்று பிடுங்கி, வாயில் போட்டு விழுங்கிவிட்டு, முகத்தை நல்லபடியாக வைத்துக்கொண்டு "சுத்தம்" என்று சொல்ல வேண்டும். உண்ணி என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது. அது எருமைக்கும் பன்றிக்கும் வருகிற சமாசாரமாம். எருமைகள் நிற்கிற அதே புல்லில் இறங்கித்தான் இவையும் நெல்லிக்காய் பொறுக்கும். உண்ணிக்கு என்ன தெரியும், யார் மேல்கிளை, யார் எருமை என்று!

மூணுவிரலி என்று ஒரு மந்திக்கு அது தெரிந்திருந்தது. பன்றிக்கு வைத்த கண்ணியில் சிக்கி இரண்டு விரல்களை இழந்தவள். மிச்ச விரல்களால் அவள் உடம்பு பார்த்தால் நேரமாகும், ஆனால் ஒன்றும் தப்பாது. ஒருநாள் மேல்கிளைத் தலைவி சாம்பாத்தாளின் தங்கையைப் பார்க்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள். பார்த்து முடித்தாள். "கக்கத்தில் ரெண்டு உண்ணி இருந்தது, எடுத்துட்டேன். பதினஞ்சு நாளைக்குக் காய்ச்சல் வருதான்னு பாத்துக்கோங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று மாலையே அவளை அடிக்கிளைக்குத் தள்ளிவிட்டார்கள்.

மூணுவிரலியும் தவிட்டியும் நடுக்கிளையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்து வளர்ந்தவர்கள். தோழி கீழே போன நாளிலிருந்து தவிட்டி கீழே குனிந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே மகள், பெயர் செவந்தி. போன மழைக்காலத்தில் சிறுத்தை அடிக்கிளையிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தத் தாய் மூன்று நாள் கத்திய கத்தலைக் கேட்டதிலிருந்து தவிட்டிக்கு ஒரே நினைப்பு, செவந்தியை எப்படியாவது மேல்கிளையில் ஏற்றிவிட வேண்டும். அதற்காகச் சாம்பாத்தாளின் முதுகைத் தேய்த்தாள், அவள் பேத்தியைச் சுமந்தாள், நல்ல பழம் கிடைத்தால் முதலில் மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். கடைசியில் சாம்பாத்தாள் மனசு இரங்கியது. "நாளைக்கு உச்சிவேளையில் உன் மகளைக் கூட்டிக்கிட்டு வா. நானே உடம்பு பார்க்கிறேன். சுத்தம்னா நீயும் அவளும் இங்கேயே இருந்துக்கலாம்" என்றாள்.

தவிட்டிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை வெயில் வந்ததும் வராததுமாக மகளை மடியில் சாய்த்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முடியாக விலக்கினாள். இடது காதுக்குப் பின்னால் கை நின்றது. பாசிப்பயறு அளவுக்கு ஊதிப்போய் ஓர் உண்ணி, தோலைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முந்தாநாள் எருமைகள் படுத்துக்கிடந்த இடத்தில் செவந்தி சருகில் உருண்டு விளையாடியதுதான் காரணம். மேலே சாம்பாத்தாளின் தங்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிதானமாக எடுக்க நேரம் ஏது? உண்ணியின் வயிற்றில் நகத்தைப் போட்டு வெடுக்கென்று இழுத்தாள். அது பட்டென்று நசுங்கியது. உடம்பு கையோடு வந்தது, தலை தோலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"என்னம்மா அது, வலிக்குது" என்றாள் செவந்தி.

"ஒண்ணுமில்லடி, அழுக்கு."

அடிக்கிளையிலிருந்து மூணுவிரலி இதைப் பார்த்துவிட்டாள். கூப்பிடாமலே நடுக்கிளை விளிம்பு வரைக்கும் ஏறி வந்தாள். அவள் வந்ததே பெரிய துணிச்சல். அடிக்கிளைக்காரர்கள் மேலே வந்தால் கடிபட்டுத்தான் இறங்குவார்கள்.

"தவிட்டி, வயித்தைப் பிதுக்காதேடி" என்றாள் மெதுவாக. "அதுக்குள்ள இருக்கிற நஞ்செல்லாம் பிள்ளை ரத்தத்துல இறங்கும். தோலை ஒட்டினாப்புல தலையைப் பிடிச்சு, திருகாம, நேரா மெல்ல இழுக்கணும். சரி, பண்ணிட்டே. நின்ன தலையை நோண்டாதே, அது தானா விழுந்துடும். ஆத்துத் தண்ணியில அந்த இடத்தை நல்லாக் கழுவு. இன்னைக்குத் தேதியை மனசுல வெச்சுக்கோ. காய்ச்சல் வந்தா வைத்தியர்கிட்ட முதல்ல இதைச் சொல்லு. அது போதும்."

எவ்வளவு சின்ன வேலை பாருங்கள். கழுவ வேண்டும், நாளை எண்ண வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும். ஆனால் மேலிருந்து சாம்பாத்தாளின் தங்கை காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். தவிட்டி எழுந்து நின்று, மேலே கேட்கட்டும் என்று உரக்கக் கத்தினாள்.

"என் பிள்ளை உடம்புல உண்ணியா? உன் உடம்புல இருக்கிறதைப் போய்ப் பாருடி! எங்க வாழ்வுல மூக்கை நுழைக்காதே!"

மூணுவிரலி இறங்கிப் போனாள். தவிட்டி ஆற்றுக்குப் போகவில்லை. கழுவப் போனால் எதற்குக் கழுவுகிறாய் என்று கேட்பார்கள். பக்கத்துப் பலாவில் ஒரு பிஞ்சைக் கிள்ளி, வடிந்த பாலைக் கடிவாயின் மேல் அப்பி மறைத்தாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்கு ஒரு திருப்திகூட வந்தது.

உச்சிவேளையில் சாம்பாத்தாள் செவந்தியை முன்னே உட்காரவைத்துப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் விரல் ஒட்டியது. என்ன இது என்று கேட்டாள். பிஞ்சுப் பலா தின்னப் போய் ஒட்டிக்கொண்ட பால் என்று தவிட்டி சிரித்துக்கொண்டே சொன்னாள். சாம்பாத்தாளும் சிரித்தாள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? நாற்பது வருஷம் வாழ்ந்ததுபோல் பேசுகிறவள் அவள். தெரிந்தாலும் தெரியாததுபோல இருப்பதற்குத்தான் மேல்கிளை என்று பெயர்.

"சுத்தம்" என்றாள்.

தாயும் மகளும் மேல்கிளையில் ஏறினார்கள். அங்கே காற்று நன்றாக இருந்தது. ஏழு நாள் தவிட்டி பயமில்லாமல் தூங்கினாள். அதுதான் அவள் வாழ்க்கையின் நல்ல ஏழு நாள்.

எட்டாம் நாள் செவந்தி எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. தலை பிளக்கிறது என்றாள், கைகால் முறித்துப் போட்டதுபோல இருக்கிறது என்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. கரடி வைத்தியருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

தேனப்பர் என்று அவருக்குப் பெயர். பருத்த உடம்பு, அந்தச் சிறு கிளைகளில் ஏற முடியாது. மரத்தடியில் நின்றுகொண்டுதான் கேள்வி கேட்பார். என்ன தின்றாள், எங்கே போனாள் என்று கேட்டுவிட்டு, "உண்ணி ஏதாவது கடிச்சுதா?" என்றார்.

மேல்கிளை முழுக்கத் தவிட்டியின் வாயைப் பார்த்தது.

"இல்லை வைத்தியரே, எங்க கிளையில அதெல்லாம் கிடையாது" என்றாள் தவிட்டி. எங்க கிளை! ஏறி ஏழு நாள்தான் ஆகியிருந்தது.

பிஞ்சுப் பலா தின்றாள் என்று சாம்பாத்தாள் மேலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தவிட்டி தன் பொய்யைத் தானே எப்படி மறுப்பாள்? ஆமாம் என்று தலையாட்டினாள். வைத்தியர் யோசித்தார். அப்படியானால் இது வயிற்றுக் காய்ச்சல். பட்டினி போட வேண்டும், தண்ணீரையும் குறைக்க வேண்டும், கசப்புத் தழை கொடுத்து வயிற்றைக் கழுவ வேண்டும். உண்ணிக் காய்ச்சல் என்றால் எல்லாமே தலைகீழ் என்றும் சொன்னார். அதற்கு நிறையத் தண்ணீர் கொடுத்து, அசையாமல் படுக்க வைத்து, அவர் குகையில் இருக்கிற ஒரு பட்டைக் கஷாயத்தை ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டும். வயிற்றுக் காய்ச்சல்காரிக்கு அந்தக் கஷாயத்தைக் கொடுத்தால் குடல் வெந்துவிடும். அதனால்தான் துருவித் துருவிக் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தவிட்டி மகளைப் பட்டினி போட்டாள். தண்ணீர் கேட்டபோது இலையை நனைத்து உதட்டில் மட்டும் தடவினாள். கசப்புத் தழையை மென்று அவள் வாயில் திணித்தாள். ஒவ்வொன்றும் தன் மகளுக்குக் கூடாதது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே செய்தாள். ஒருவேளை பலாவாகத்தான் இருக்குமோ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பொய்யை ஏழெட்டுத் தடவை சொன்னால் அது நமக்கே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடும்.

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் வைத்தியர் மறுபடியும் வந்தார். காய்ச்சல் ஒரு துளியும் இறங்கவில்லை என்று கேட்டதும் அவர் முகம் மாறியது.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. இன்னைக்குச் சொன்னாலும் காப்பாத்திடலாம். உண்ணி கடிச்சுதா இல்லையா?"

தவிட்டி வாயைத் திறந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்தாள். அந்த நேரம் பார்த்துச் சாம்பாத்தாள் வந்து செவந்தியின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இதுவரைக்கும் எந்த நடுக்கிளைப் பிள்ளைக்கும் அந்த மடி கிடைத்ததில்லை. திறந்த வாய் அப்படியே நின்றது.

அப்போது அடிக்கிளையிலிருந்து மூணுவிரலியின் குரல் வந்தது.

"கடிச்சுது வைத்தியரே. நான் பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால. இன்னையோட பத்து நாள். தினம் ஒரு நெல்லிக்கொட்டை எடுத்து வெச்சு எண்ணிக்கிட்டு வரேன்."

வைத்தியர் கீழே பார்த்தார், மேலே பார்த்தார். பெற்றவள் சொல்வதை நம்புவதா, இவள் சொல்வதை நம்புவதா என்று தவிட்டியையே கேட்டார்.

"பொறாமையில சொல்றா வைத்தியரே" என்றாள் தவிட்டி.

பெற்ற தாய் சொன்னால் அப்பீல் ஏது? வைத்தியர் கசப்புத் தழையை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். மூணுவிரலி பதினோராவது கொட்டையை எடுக்கக் கை நீட்டிவிட்டு, நாளைக்கு வைக்கலாம் என்று கையை மடக்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் செவந்தியின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அதைப் பார்த்ததும் தவிட்டியின் மானம், மரியாதை, மேல்கிளை எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மரத்திலிருந்து விழுந்தாள் என்றே சொல்ல வேண்டும், அப்படி இறங்கினாள். பட்டப்பகலில் தரையில் தனியாக ஓடினாள். சிறுத்தை அன்றைக்கு எங்கே இருந்ததோ, அவளைப் பிடிக்கவில்லை. குகை வாசலில் போய் விழுந்து, "உண்ணிதான் வைத்தியரே, உண்ணிதான், நான்தான் பிதுக்கினேன், நான்தான் மறைச்சேன்" என்று அழுதாள்.

தேனப்பர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எத்தனை நாளாச்சு என்று மட்டும் கேட்டார். தவிட்டிக்குத் தெரியவில்லை. அவள் எண்ணவே இல்லை. வழியில் அடிக்கிளையைப் பார்த்துக் கேட்டார்கள். பன்னிரண்டு கொட்டை இருந்தது.

கஷாயத்தை மூங்கில் குழாயில் எடுத்து வந்தார்கள். செவந்தி இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது வாய் கடைவாய் வழியாக வெளியே வந்துவிட்டது. மறுநாள் உச்சிவேளையில், காற்று நன்றாக வீசுகிற அந்த மேல்கிளையில், சாம்பாத்தாள் "சுத்தம்" என்று சொன்ன அதே இடத்தில், செவந்தி போய்ச் சேர்ந்தாள்.

பிஞ்சுப் பலா தின்று செத்துப்போனாள் என்று மரம் முழுக்கச் சொன்னார்கள். தவிட்டி அழுது அழுது உட்கார்ந்திருந்தாள். நான்கு நாள் கழித்துச் சாம்பாத்தாள், பேத்தியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தாள். பெரிய மனசு பண்ணித் தன் கையாலேயே தவிட்டியின் முதுகைப் பார்த்தாள். ஏதோ ஒன்றைச் சட்டென்று பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். தவிட்டிக்குச் சுருக்கென்றது.

"சுத்தம்" என்றாள் சாம்பாத்தாள்.

"சுத்தமில்லை" என்றாள் தவிட்டி.

மேலேயிருந்த தலைகளெல்லாம் திரும்பின.

"உண்ணி பெரியம்மா. இப்ப நீங்க முழுங்கினது உண்ணி. என் பிள்ளையைக் கடிச்சதும் உண்ணி. அதோ, உங்க பேத்தி தொடையிடுக்குல தொத்திக்கிட்டு இருக்கிறதும் உண்ணிதான். பிதுக்காதீங்க, தலையைப் பிடிச்சு நேரா எடுங்க."

சாம்பாத்தாள் பேத்தியின் தொடையைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்புறம் என்ன நடக்கும்? கடித்துத் துரத்தினார்கள். தவிட்டி நடுக்கிளையில்கூட நிற்கவில்லை, நேராக அடிக்கிளைக்கு வந்தாள். மூணுவிரலிக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மூணுவிரலி நெடுநேரம் முடியை விலக்கிப் பார்த்தாள்.

"கழுத்துல ஒண்ணு இருக்கு" என்றாள். தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக, மெல்ல இழுத்தாள். முழுசாக வந்தது. அதை வாயில் போடவில்லை, கையாலும் நசுக்கவில்லை, கல்லால் நசுக்கிப் போட்டாள். "போய்க் கழுவிட்டு வா. நாளை எண்ணிக்கோ."

தவிட்டி இரண்டு வரிசையாக நெல்லிக்கொட்டை வைத்தாள். ஒரு வரிசை அவளுக்கு. இன்னொன்று யாருக்கு என்று மூணுவிரலி கேட்கவில்லை.

அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. சாம்பாத்தாளின் பேத்திக்கு வந்தது. தேனப்பர் மரத்தடியில் வந்து நின்றார். உண்ணி கடித்ததா என்று கேட்டார். எங்கள் கிளையில் அதெல்லாம் கிடையாது என்றாள் சாம்பாத்தாள். கடித்தது என்று தவிட்டி கீழேயிருந்து கத்தினாள்.

"பொறாமையில சொல்றா வைத்தியரே" என்றாள் சாம்பாத்தாள். "தன் பிள்ளையைப் பறிகொடுத்தவ, அடுத்தவ பிள்ளை நல்லா இருக்கிறதைப் பார்க்கப் பொறுக்கலை."

தவிட்டியின் வாயில் பிறந்த வார்த்தையே மேலிருந்து திரும்பி வந்து அவள் மேல் விழுந்தது. அது அவளுடையதுதானே.

"போன தடவை மேலே கேட்டேன்" என்றார் தேனப்பர். இந்தத் தடவை கீழே குனிந்து, "எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

தவிட்டி இரண்டாவது வரிசையை எண்ணி, "ஏழு" என்றாள்.

அவர் கஷாயத்தை மரத்தின் வேரோரம் வைத்துவிட்டுப் போய்விட்டார். மேல்கிளையிலிருந்து ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் சாய்ந்ததும், தண்ணீர் குடிக்கப் போகிறவள்போலச் சாம்பாத்தாளின் மகள், அந்தப் பிள்ளையைப் பெற்றவள், இறங்கி வந்தாள். தவிட்டியின் முகத்தைப் பார்க்காமல் குழாயை எடுத்துக் கக்கத்தில் மறைத்துக்கொண்டு ஏறிப் போனாள். தினமும் வைத்தியர் ஒரு குழாயை வேரோரம் வைத்துவிட்டுப் போனார், தினமும் அவள் அப்படியே வந்தாள். பத்தே நாளில் பேத்தி கிளைக்குக் கிளை தாவினாள்.

மேல்கிளை கூடி உட்கார்ந்து உடம்பு பார்த்தது. எங்கள் உடம்பு சுத்தமான உடம்பு, அதனால்தான் பிள்ளை பிழைத்தது என்று சாம்பாத்தாள் எல்லாருக்கும் சொன்னாள். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அடிக்கிளையில் தவிட்டி அந்தப் பிள்ளை தாவுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். செவந்திக்கும் அதே வயதுதான். பிறகு அந்த இரண்டாவது வரிசைக் கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆற்றில் போட்டாள்.

உடம்பில் உண்ணி ஏறுவதால் யாருடைய மானமும் போய்விடுவதில்லை, அதை மறைக்கிற வாயால்தான் உயிர் போகிறது.